கங்காணி இல்லாத பெரட்டு

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒன்றைக் கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூட எனக்குத் தெரியாது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால், அந்தப் பாதையில் பஸ் ஓடத் தொடங்கிய காலத்திலிருந்து ஆரம்பிப்பேன். கல்யாணத்துக்கு முன் இதைப் பற்றி ஒருவரும் தன்னிடம் மூச்சு விடவில்லை என்று என் கணவர் இன்னும் குறைப்பட்டுக்கொள்வார். (தெரிந்திருந்தால் மட்டும் ஓடியிருப்பாராக்கும்!) இந்தப் பழக்கத்தால் பலருடைய நேரம் வீணாகியிருக்கிறது, சிலருக்கு பஸ்ஸே போயிருக்கிறது. ஒரே ஒரு தடவை அது ஈடுசெய்ய முடியாத ஒரு காரியத்தைச் செய்துவிட்டது. அதைத்தான் எழுதப்போகிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். கொட்டகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து விஞ்ஞானம் படிக்கப் போன முதல் பெண் நான்தான். போகும்போது கோயிலில் வைத்து மாலை போட்டு அனுப்பினார்கள். அந்த மாலை வாடி இரண்டு வருடமாகியும் அதன் கனம் என் கழுத்தை விட்டு இறங்கவில்லை. லீவுக்கு வந்தால் பீலியில் தண்ணீர் பிடிக்க நிற்கும் பெண்களுக்குக்கூட நீரில் இருக்கும் நுண்ணுயிர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பேன். அவர்கள் குடம் நிரம்பியதும் போய்விடுவார்கள்.

வீட்டில் அப்பா கங்காணி. அதாவது கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு மேற்பார்வை. அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். அண்ணன் தங்கவேலுக்குத் தேயிலை ஆலையில் வேலை. அண்ணி மல்லிகா எங்கள் அத்தை மகள்தான். முறைப்பெண்ணைக் கட்டிக்கொண்டார் அண்ணன். அவர்களுக்கு ஐந்து வயதில் தர்ஷினி, எட்டு மாதத்தில் நிரோஷன்.

நிரோஷன் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குவதற்கென்றே பிறந்தவன். அதைத் தவிர அவன் நன்றாகச் செய்தது குறைவு. வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புண். மூன்று தடவை நியுமோனியா. பால் குடித்தாலும் உடம்பில் ஒட்டாது. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துத் தேற்றி அனுப்புவார்கள், ஒரு மாதத்தில் திரும்பப் போவான். கடைசியில் கண்டியில் ஒரு குழந்தை வைத்தியரிடம் அனுப்பினார்கள். அவர் சிங்களவர், பொறுமைசாலி. அண்ணனுடைய சிங்களம் சந்தையில் மரக்கறி வாங்கத்தான் போதும் என்பதால் என்னைக் கூட்டிப் போனார்கள்.

வைத்தியர் ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு எனக்குச் சொன்னார். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி-கலங்கள் எலும்பு மச்சையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போய்த்தான் முதிர்ச்சி அடைகின்றன. அங்கே ஒவ்வொரு கலமும் வெளியிலிருந்து ஒரு சமிக்ஞையை வாங்க வேண்டும். வாங்கினால் மட்டும் போதாது. அதை உள்ளே கொண்டு சேர்க்க ஒரு நொதியம் வேண்டும். இந்தப் பிள்ளைக்கு அந்த நொதியம் இல்லை என்று சந்தேகிக்கிறேன் என்றார். அதனால் ஒரு வகைக் கலம் பயிற்சி முடிக்காமலே அழிந்துவிட்டது. இன்னொரு வகை எண்ணிக்கையில் குறைவில்லாமல் இருக்கிறது, ஆனால் எந்தக் கிருமி வந்தாலும் அசையாமல் நிற்கிறது. முதலில் எடுத்த இரத்தப் பரிசோதனைகளில் ஆள் கணக்குச் சரியாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

உறுதி செய்ய இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தார். தர்ஷினியின் மச்சை தம்பிக்குப் பொருந்துமா என்றும் பார்க்கச் சொல்லியிருந்தார். பொருந்தினால் இந்தியாவுக்குக் கொண்டுபோய் மாற்றலாம். அதற்கு மூன்று மாதமாகும். அதுவரைக்கும் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்றார். கொதித்தாறிய தண்ணீர், கை கழுவுதல் எல்லாம் சொல்லிவிட்டு, மிக முக்கியமானது என்று கடைசியாக ஒன்று சொன்னார்: வீட்டு ஆட்களைத் தவிர யாரும் பிள்ளைக்குப் பக்கத்தில் வரக் கூடாது.

நல்ல மனிதர். ஆனால் அவருக்கு லயத்தைத் தெரியாது. ஒரு லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பிரா, ஒரு குடும்பத்துக்கு ஒன்று. நடுவில் இருக்கும் சுவரில் ஒரு பக்கம் தும்மினால் மறு பக்கத்திலிருந்து சுகம் கேட்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை வந்தால் பார்க்க வர வேண்டும். வராவிட்டால் அந்த வீட்டோடு சண்டை என்று அர்த்தம். வருபவரை வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய சண்டை. கண்டியிலிருந்து திரும்பிய அன்றே அண்ணி கதவைச் சாத்திக்கொண்டு, தலையைச் சுற்றுகிறது என்று பொய் சொல்லி இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார். இப்படி எத்தனை நாளைக்கு என்று அப்பா கவலைப்பட்டார்.

அப்போதுதான் நான் திருவாய் மலர்ந்தேன். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளக்கிவிடலாம், காலையில் பெரட்டில் பேசுகிறேன் என்றேன். பெரட்டு என்றால் வேலைக்குப் போகும் முன் எல்லாரும் கூடி நிற்க, இன்றைக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்து அனுப்பும் இடம். தோட்டம் முழுவதும் அங்கே இருக்கும். அப்பா, தனக்கு மேல் அதிகாரியான கண்டாக்கிடம் போய்க் கேட்க, அவர் நம் தோட்டத்துப் படித்த பிள்ளைதானே என்று பத்து நிமிடம் கொடுத்தார்.

அன்று முழுக்க ஆயத்தம் செய்தேன். பெரிய வெள்ளை அட்டை வாங்கி, தைமஸ் சுரப்பியைப் பச்சை மையில் வரைந்து, அதற்குள் டி-கலங்களைத் தலையில் கூடையோடு வரிசையாக நிறுத்தினேன். ஏழு குறிப்புகள் எழுதினேன். ஏழாவதுதான் 'ஆகவே தயவுசெய்து யாரும் வர வேண்டாம்'. அதற்கு இரண்டு கோடு போட்டிருந்தேன். பள்ளிக்கூட விவாதப் போட்டிகளில் எனக்குச் சொல்லித் தந்த தந்திரம், வலுவான வரியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது. இரண்டு கேடயம் வாங்கித் தந்த தந்திரம் அது.

காலை ஆறரைக்குப் போனேன். ஆய்வுகூட வெள்ளைக் கோட்டு வேறு போட்டிருந்தேன். (ஆமாம், போட்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொள்ளத் தோன்றும்.) நல்ல பனி மூட்டம். அட்டையை விரித்து ஐந்து நிமிடத்தில் பச்சை மை கரைந்து ஒழுகத் தொடங்கியது. டி-கலங்கள் ஒன்றோடொன்று கலந்து கூடைகள் மட்டும் மிஞ்சின.

நோய் எதிர்ப்புச் சக்தி என்று சொல்லாமல் நிர்ப்பீடனம் என்றேன், சமிக்ஞை வாங்கி என்றேன், நொதியம் என்றேன். எண்பது பேரும் மரியாதையாகக் கொட்டாவி விட்டார்கள். உடனே உதாரணத்துக்குத் தாவினேன். உடம்பும் ஒரு பெரட்டு மாதிரிதான். கண்டாக்கு ஐயா உத்தரவு சொல்கிறார். அதைக் கேட்டு உங்களிடம் கொண்டு சேர்ப்பது கங்காணி. கங்காணி வராவிட்டால் என்ன ஆகும்? ஆட்கள் எல்லாரும் கூடையோடு நிற்பார்கள், ஆனால் வேலை நடக்காது. நிரோஷனுடைய உடம்பில் இல்லாமல் போனது அந்தக் கங்காணிதான். இதைச் சொன்னபோது என் அப்பா பழைய கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

கூட்டத்தில் முதல் தடவையாக உயிர் வந்தது. முன்வரிசையில் நின்ற மாரியாயி அக்கா வாயைத் திறந்தார். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு அவர் சொல்வதுதான் சட்டம், அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

"கங்காணி வராட்டி வேல நின்னு போயிருமா பாப்பா? போன மாசம் ஒங்கப்பா காய்ச்சல்ல படுத்தப்ப நாலு நாளு நாங்களாத்தான மல ஏறுனோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த நாலு நாளும் கொழுந்து நிறை கூடுதல் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அப்பா பொத்தானைக் கழற்றினார். நான் அங்கேயே நிறுத்தி ஏழாவது குறிப்புக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் எதிர்வாதம் வந்துவிட்டதே, எப்படி விடுவது? கங்காணி இல்லாமல் வேலையே நடக்காது என்று எண்பது தொழிலாளிகளுக்கு முன்னால் நின்று வாதாடினேன். நான் நிர்வாகத்தின் பக்கம் பேசியது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். பேசப் பேச அவர்கள் சிரித்தார்கள், அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கு ரோஷம் ஏறியது. கடைசியில் கத்தினேன்.

"இது வெளையாட்டில்லக்கா. அவன் ஒடம்புக்குள்ள லட்சக்கணக்குல ஆளு நிக்கிது. ஆனா அவனுக்காக அசையறதுக்கு ஒருத்தர்கூட இல்ல. எங்க நிரோசன் தனியாக் கெடக்கான்."

சிரிப்பு நின்றது. சில பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சத்தியமாக அதுதான் அப்போது எனக்குத் தோன்றியது. கண்டாக்கு கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிவிட்டது, மலைக்குப் போங்கள் என்றார். ஏழாவது குறிப்பு கோட்டுப் பையில் இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போதே அது ஞாபகம் வந்தது. இவ்வளவு விளக்கமாகச் சொன்ன பிறகு வரக் கூடாது என்பது விளங்காமலா இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஓடிப்போய் மலையேறுகிறவர்களிடம் ஒரு வரி சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். போகவில்லை. ஹட்டனுக்கு பஸ் ஏறி, மருந்துக் கடையில் ஐம்பது முகமூடி உள்ள ஒரு பெட்டி வாங்கினேன். கடைக்காரரிடமும் கொஞ்சம் விளக்கினேன்.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்தபோது, வளைவிலிருந்தே எங்கள் வாசல் தெரிந்தது. வாசலில் வெறுங்கூடைகள் வரிசையாக இருந்தன. கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு எல்லாரும் நேரே வந்திருந்தார்கள். முன் திண்ணையில், இஸ்தோப்பில், கால் வைக்க இடமில்லை. உள்ளே, அப்பாவின் கட்டிலோடு சேர்த்து ஆறு பேர் படுக்கும் எங்கள் காம்பிராவில் இருபது பேர். சாம்பிராணிப் புகை. மரி பிஸ்கட், தோடம்பழம், மாரியம்மன் கோயில் துன்னூறு. கோயில் பூசாரி, நெஞ்சுச் சளிக்காரர், அந்தத் துன்னூறைக் கையில் வைத்து நிரோஷன் முகத்துக்கு நேரே வாயால் ஊதிவிட்டார்.

நிரோஷன் சிரித்துக்கொண்டிருந்தான். மடியிலிருந்து மடிக்குப் போய்க்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து பாதி நாள் ஆஸ்பத்திரியிலும் மீதி நாள் மூடிய கதவுக்குள்ளும் கிடந்த பிள்ளை, அத்தனை முகங்களை ஒன்றாகப் பார்த்ததில்லை. அவன் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நானும் கேட்டதில்லை.

அண்ணி மூலையில் நின்றார். என்னைக் கண்டதும், "நீ சொல்லித்தான் வந்ததா சொன்னாங்க சாந்தி, நா எப்படி வேணாங்கிறது?" என்றார். மாரியாயி அக்கா நிரோஷனை மடியில் வைத்து அவன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளில்லாமத் தனியாக் கெடக்கான்னு சொன்னியே பாப்பா. நாங்க இருக்கோம்ல, அதான் வந்துட்டோம்."

வாசற்படியில் முகமூடிப் பெட்டியோடு நின்று, என் ஏழாவது குறிப்பை அங்கே சொன்னேன். யாரும் வரக் கூடாது என்று டாக்டர் சொன்னார், வந்தால் பிள்ளைக்கு ஆபத்து என்றேன். அதற்கு விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரே வரியில் அத்தனை பேருக்கும் விளங்கியது. மாரியாயி அக்கா பிள்ளையைத் துணியில் கிடத்தினார்.

"இத காலையிலயே சொல்லியிருக்கலாமே தாயி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வரிசையாக வெளியே போனார்கள். என்ன செய்வதென்று தெரியாமல், போகிறவர்கள் கையில் ஆளுக்கொரு முகமூடி கொடுத்தேன். அவர்களும் கோயில் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் பெரட்டில் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு நிற்க, இது என்ன புதுப் போராட்டம் என்று கண்டாக்கு பயந்துபோய்த் தோட்டத்துத் தொரைக்கு ஆள் அனுப்பினாராம். அதைக் கேட்டு அண்ணன் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

அதன் பிறகு எங்கள் காம்பிராவைச் சுற்றி அப்படி ஓர் ஒழுங்கு வந்தது. இருமல்காரர்கள் கீழ்ப் பாதையால் சுற்றிப் போனார்கள். பிள்ளைகள் வாசலில் விளையாடுவதில்லை. பீலியில் எங்களுக்கு முதல் இடம். காலையில் கதவைத் திறந்தால் படியில் கழுவி வைத்த கரட்டோ பூசணித் துண்டோ இருக்கும், வைத்தவர் இருக்கமாட்டார். நான் லீவு முடிந்து போய்விட்டேன்.

பத்தாம் நாள் நிரோஷனுக்குக் காய்ச்சல் வந்தது. கண்டியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். ஏழாம் நாள் விடுதி மேற்பார்வையாளரின் அறைக்கு எனக்கு போன் வந்தது. அண்ணன் என் பெயரைச் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

அன்று பின்னேரம் மழை. சின்னப் பெட்டிதான், அண்ணன் தானே மடியில் வைத்து வேனில் கொண்டுவந்தார். நான் வந்து இறங்கியபோது வாசலில் ஒருவரும் இல்லை. செத்த வீட்டுக்கு ஒருவரும் வரவில்லையே என்று திகைத்துப் போனேன். பிறகுதான் பார்த்தேன். மேலே ரோட்டோரமாகத் தோட்டமே நின்றது. குடை உள்ளவர்கள் குடையோடு, இல்லாதவர்கள் தலையில் சாக்கோடு, எண்பது பேரும். வரக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். வரலாம் என்று யாரும் சொல்லவில்லை.

அப்பா அவர்களைப் பார்த்தபடி நின்றார். கூப்பிட வேண்டியவள் நான்தான். பஸ் நேரம் கேட்டால் சரித்திரம் சொல்கிற என் வாய் அன்றைக்குத் திறக்கவே இல்லை. அண்ணிதான் எழுந்து இஸ்தோப்பின் விளிம்புக்கு வந்தார்.

"இனிமே வரலாம். எல்லாரும் வாங்க."

அவர்கள் இறங்கி வந்தார்கள். மாரியாயி அக்கா முதலில் வந்தார். உள்ளே வரும் முன் பீலிக்குப் போய்க் கை கால் முகம் கழுவினார். பின்னால் வந்த ஒவ்வொருவரும் அதேபோலக் கழுவிவிட்டுத்தான் படியேறினார்கள்.

நாற்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. வைத்தியர் சந்தேகப்பட்ட அதே நொதியம்தான். தர்ஷினியின் மச்சை தம்பிக்குப் பொருந்தும் என்றும் இருந்தது. நான் தனியாகக் கண்டிக்குப் போய், அந்தக் கூட்டத்தால்தானா என்று வைத்தியரிடம் கேட்டேன். சளி எங்கிருந்தும் வந்திருக்கலாம், அக்காவே பள்ளியிலிருந்து கொண்டு வந்திருக்கலாம், அதைக் கண்டுபிடிக்க வழியில்லை என்றார். விஞ்ஞானப்படி அது சரியான பதில். அதற்குப் பிறகு நான் பட்டம் வாங்கி, உயர்தர வகுப்புக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். நிர்ப்பீடனப் பாடம் வரும்போதெல்லாம் அந்தப் பதிலை எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அது என்னிடம் செல்லுபடியாவதில்லை.

ஐந்து வருடம் கழித்து அண்ணிக்கு இன்னொரு பையன் பிறந்தான். பிறந்த அன்றே அவன் இரத்தமும் வெளிநாட்டுக்குப் போனது. பதில் வர ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் யாரும் சொல்லாமலே தோட்டத்தில் ஒருவரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. முடிவு வைத்தியரிடமிருந்து எனக்குத்தான் வந்தது. உடனே அண்ணிக்கு போன் எடுத்தேன்.

"அண்ணி, இந்த நொதியத்துக்கான மரபணு நம்ம எல்லாருக்கும் ரெண்டு பிரதி இருக்கும். அப்பாக்கிட்ட இருந்து ஒண்ணு, அம்மாக்கிட்ட இருந்து ஒண்ணு. அதுல…"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"சாந்தி. கடைசி வரிய மொதல்ல சொல்லு."

"தம்பிக்கு ஒண்ணுமில்ல அண்ணி. நல்லாருக்கான்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எது அழுகை எது சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை. மீதியையும் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்று போனை வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அது வீட்டு வாக்கியமாகிவிட்டது. நான் எங்கே வாயைத் திறந்தாலும், கல்யாண வீடோ காது குத்தோ, யாராவது ஒருவர் "கடைசி வரிய மொதல்ல சொல்லு" என்பார்கள், எல்லாரும் சிரிப்பார்கள். என் மாணவர்களுக்கும் தெரிந்துவிட்டது. (தர்ஷினியின் வேலை.) எங்கிருந்து வந்தது என்று தெரியாத சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்கின்றன. நானும் சேர்ந்து சிரிப்பேன். உன்னால்தான் என்று இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதற்குத்தான் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.